ஒரு கை குறைந்த தீர்மானம்

கரை அடைக்க இறைவனே மண் சுமந்த நாடு நம்முடையது. நாணல்பாடியின் முன்னோர் மாசிலாமணியாரிடமோ கூடைகூட இல்லை. ஏரிக்கரை உடைந்த அன்று உடைப்பிலே தாமே குறுக்காகப் படுத்து, ஆட்கள் மண்ணோடு வரும்வரை வெள்ளத்தைத் தடுத்தார். அவர் வழிவந்தோருக்கு அந்த நெஞ்சுரம் குறைவின்றி வாய்த்தது. அறிவைப் பொறுத்தவரை ஆண்டவன் திருவுளம் வேறாக இருந்தது.

ஏரிக்குக் கீழே புதிதாகப் பூங்கா ஒன்று அமைந்தது. அதில் அப்பெரியவருக்குச் சிலை வைக்க விரும்பிய அதிகாரி திலகவதி, மரத்தில் ஒரு மாதிரி செய்வித்துக் கொண்டுவந்தார். இரு கைகளையும் உடலோடு ஒட்டி நீட்டிப் படுத்த கோலம்.

“வரலாறு எப்படி நடந்துச்சோ அப்படியே கண்ணுக்குத் தெரியணும். கூடிப் பேசுங்க. வெள்ளிக்கிழமை வர்றேன். அன்னிக்கு இருக்கிற அத்தனை பேரும் கை தூக்கினாத்தான் கருங்கல்லுல செய்வோம். ஒரு கை குறைஞ்சாலும் சிலை கீழ்ப்பாடிப் பூங்காவுக்குத்தான்,” என்றார்.

கீழ்ப்பாடி, வாய்க்காலின் கடைக்கோடியில் இருக்கும் ஊர். நாணல்பாடிக்கு ஆகாத ஊர். அன்றிரவு ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சிலையைப் புல்லில் கிடத்திச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தவர் மாதிரியில்ல இருக்கார்,” என்றான் சடையப்பன்.

“தண்ணி எங்கே? தண்ணி இல்லாம எதைத் தடுக்கிறாராம்?” என்றான் பக்கிரி.

ஊர்த்தலைவர் உலகநாதன் நெடுநேரம் தாடியைத் தடவினார். “அந்தம்மா ‘அப்படியே’ன்னு சொல்லியிருக்காங்க. அப்படியேன்னா முதல்ல கரை உடையணும்.”

“அது எப்ப மாமா உடையறது?”

“வெள்ளிக்கிழமைக்குள்ள தானா எங்க உடையப் போகுது. நாமதான் ஒத்தாசை பண்ணணும்.”

வெள்ளிக்கிழமை காலையில் சிலையை அளந்து, அதற்குச் சரியாகக் கரையை வெட்டிக் குறுக்கே கிடத்தினார்கள். தண்ணீர் வந்தது. சிலை மிதந்தது.

“பெரியவர் எழுந்திரிக்கிறாரே.”

“அமுக்கிப் பிடிடா.”

உடைப்பு அகன்றது. ஊரே உள்ளே இறங்கி, கையோடு கை கோத்து, நடுவில் சிலையைச் செருகிக்கொண்டு நின்றது. கழுத்தளவு நீரில் அடியார் திருக்கூட்டம் போல அவர்கள் நின்ற காட்சி, கண்டவர் கையைத் தானே கூப்ப வைத்திருக்கும். வெள்ளமும் ஒருவாறு அடங்கியது.

அப்போது திலகவதி வந்து சேர்ந்தார்.

“என்ன பண்றீங்க எல்லாரும்?”

“வரலாறு அம்மா,” என்றார் உலகநாதன்.

“வண்டியில மண் கொண்டாரச் சொல்றேன். யாரும் அசையாதீங்க.”

“மண் மெதுவா வரட்டும். முதல்ல தீர்மானம். இன்னிக்கு விட்டா சிலை கீழ்ப்பாடிக்குப் போயிடும்.”

“கையை எடுத்தா ஏரி போயிடுமே மாமா,” என்றான் சடையப்பன்.

“மழை பெஞ்சா ஏரி ரொம்பும். மழை பெஞ்சா சிலை முளைக்குமாடா?”

‘வேண்டாம்’ என்று திலகவதி சொல்லி முடிப்பதற்குள் அத்தனை கைகளும் வானை நோக்கி உயர்ந்தன.

ஏரி அவர்களைச் சிலையோடு வாரியெடுத்து, வாய்க்கால் வழியே உருட்டி, கீழ்ப்பாடிப் பூங்காவின் புல்தரையில் பத்திரமாக இறக்கிவிட்டது. இன்னும் எண்ணி முடியாத காரணத்தால் வழியில் ஒருவரும் கையை இறக்கவில்லை.

ஜீப்பில் துரத்தி வந்த திலகவதி, அடிபட்டவர் உண்டா என்று ஒவ்வொருவராகப் பார்க்கத் தொடங்கினார். கைகளைப் பக்கிரியே எண்ணினான். சிலையருகே வந்ததும் நின்றுவிட்டான்.

“மாமா, ஒருத்தர் தூக்கலை.”

“எவன்டா அவன்?”

“பெரியவர்.”

உலகநாதன் குனிந்து பார்த்தார். சிலையின் கைகள் உடலோடு ஒட்டியே கிடந்தன. “ஒரு கை குறையுது. சொன்னது சொன்னதுதான்,” என்று பெருமூச்சு விட்டார்.

சிலையைக் கீழ்ப்பாடியிலேயே விட்டுவிட்டு, வேட்டியைப் பிழிந்தபடி நாணல்பாடியார் ஊர் திரும்பினார்கள். வறண்ட ஏரியைக் கண்டதும் பக்கிரிக்குத்தான் மனம் ஆறவில்லை.

“சம்மதமில்லைன்னு பெரியவர் அங்கேயே வாயைத் திறந்து சொல்லியிருந்தா, ஏரியாவது மிஞ்சியிருக்கும்.”