பல்லக்குப் படத்தின்கீழ் ஒரு சொல்

மலையடிவாரத்து ஆசிரமத்தின் பழைய புகைப்படங்களையெல்லாம் கணினியில் ஏற்றியவர் சீடர் திருமேனி. ஆண்டு, இடம், நிகழ்ச்சி என்று ஒவ்வொன்றுக்கும் தலைப்பிட்டு அடுக்கியிருந்தார். குரு மங்களாம்பிகை அம்மையாரைவிட அவர் வயதில் மூத்தவர்.

படத்தைப் பார்ப்பவர்களும் அதன்கீழ் தங்கள் குறிச்சொல்லை எழுதலாம் என்று அம்மையார் ஒருநாள் திறந்துவிட்டார். ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். 'மொட்டை போட்ட அன்னைக்கு' என்றார் ஒருவர். 'ஒத்தைக் காது நாய்' என்றார் இன்னொருவர். தேடி வருகிறவர்களும் அந்தச் சொற்களைப் போட்டே தேடினார்கள்.

திருமேனிக்கு வயிறு எரிந்தது. கண் நோக உழைத்தது நான், கைதட்டல் வாங்குவது போகிற வருகிறவர்களா என்று பொருமினார். பொறாமைதான், அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் அடங்கவில்லை. அம்மையாரிடம் போய், குறிச்சொற்களை மொத்தமாக நீக்கிவிட உத்தரவு கேட்டார்.

அம்மையார் மறுக்கவில்லை. கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"முதல்ல எதை அழிக்கப் போறீங்க?"

திருமேனி யோசிக்கவே இல்லை. குருபூசை ஊர்வலப் படத்தைத் திறந்தார். தெற்கு வீதியில் பூவால் மூடிய பல்லக்கு, சுற்றிலும் கூப்பிய கைகள். அதன்கீழ் யாரோ 'பசி' என்று எழுதியிருந்தார்கள்.

"இதைத்தாம்மா. பல்லக்குல முந்தின குருவோட படம் போகுது, அதுக்குக் கீழ எழுதற சொல்லா இது? எவனோ விவரங்கெட்டவன்."

"நான்தான் எழுதினேன்."

திருமேனி கணினியிலிருந்து கையை எடுத்தார்.

அம்மையார் படத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். சுவரை ஒட்டி, வாயில் விரல் வைத்தபடி ஒரு சிறுமி நின்றாள். அவள் பல்லக்கைப் பார்க்கவில்லை. அத்தனை முறை அந்தப் படத்தைத் திறந்தும் திருமேனி அவளைக் கவனித்ததில்லை.

"அன்னைக்குத்தான் நான் இங்க வந்து சேர்ந்தேன். பந்தி முடிஞ்சு போயிருந்துச்சு."

அந்தச் சிறுமியைப் பார்த்தபடியே திருமேனி கேட்டார். "இத்தனை படத்துல இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நீங்க போட்ட தலைப்பைப் பிடிச்சுத்தான் வந்தேன். ஆண்டு, தெரு, ஊர்வலம்னு கையைப் பிடிச்சு அந்தச் சுவர் வரைக்கும் கூட்டிட்டுப் போனீங்க. அங்க என்னைக் கூப்பிட ஒரு சொல் இல்ல. நானே எழுதிக்கிட்டேன். வேண்டாம்னா அழிச்சிடுங்க."