கணக்கில் இல்லாத வளைவு

கற்றுக்கொடுத்தவளுக்கு முப்பத்து நான்கு வயது. கற்றுக்கொண்டவருக்கு ஐம்பத்தொன்பது.

அவள் பெயர் சலோமி. ஆலமுடி மலையிலிருந்து பதினோரு வருடமாக டீசல் பிக்கப்பில் உருளைக்கிழங்கு இறக்குகிறவள். அவர் பெயர் குழந்தைவேலு. அதே மலைக்குப் போய்வந்த பேருந்தில் பத்தொன்பது வருடம் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகுதான் ஓட்டுநர் உரிமம் வாங்கினார்.

மழையில் சாலை பாதி சரிந்ததிலிருந்து பேருந்து மலை ஏறுவதில்லை. மலைமேல் அவரோடு இருக்கும் மனைவி மரகதத்துக்கு வாரம் இரண்டு முறை அடிவாரத்து மருத்துவமனையில் டயாலிசிஸ். ஒரு முறை தவறினாலே முகம் வீங்கிவிடும். அடுத்தடுத்து இரண்டு முறை தவறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதுவரை சலோமிதான் அழைத்துப் போனாள். நாளை அவள் புது வண்டியோடு வேறு மலைக்குப் போகிறாள். பழைய பிக்கப்பை அவரிடம் விட்டுப் போவதா வேண்டாமா என்பதை இன்று அவரை ஒரு நடை ஓட்டவிட்டுப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தாள்.

காலை ஒன்பது மணி. அடிவாரத்தில் இறக்க இருபத்திரண்டு மூட்டை ஏற்றியாயிற்று.

"டிரைவரம்மா, கியரை எப்ப மாத்தணும்? இன்னைக்காவது ஒரு வார்த்தையில சொல்லிடுங்க."

சலோமி ஒரு பிளாஸ்திரியைக் கிழித்து, வேகம் காட்டும் முள்ளை மறைத்து ஒட்டினாள்.

"ஐயையோ! அதைப் பாத்துத்தானே மாத்துறேன். இருபதுல ரெண்டு, முப்பத்தஞ்சுல மூணு."

"மூட்டை ஏத்தினது முள்ளுக்குத் தெரியுமா, கண்டக்டர் சார்?"

"போகட்டும். எனக்கு முள்ளு வேண்டாம். இந்த மலையில மொத்தம் இருபத்து நாலு வளைவு. முதல் வளைவு தாண்டினதும் மூணாவது கியர். பதினாலு எண்ணினா ரெண்டாவது, அடுத்த வளைவு வந்துடும். இப்படி ஒவ்வொண்ணுக்கும் எனக்குக் கணக்கு இருக்கு. கடைசி வளைவு தாண்டினா செக்போஸ்ட் வரைக்கும் நேர் ரோடு. அங்க நாலாவது."

"மலையையே டிக்கெட் டிக்கெட்டா கிழிச்சு வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்து இருக்கையில் ஏறிச் சாய்ந்துகொண்டாள்.

ஐந்து வளைவுகள் கணக்குப்படி வந்தன. ஆறாவதில் மூடுபனி இறங்கியது.

விளக்கைப் போட்டார். வெள்ளைதான் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய மஞ்சள் பலகை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் தோன்றி மறைந்தது. ஹாரன் அடித்தார். எப்போதும் பாறையில் பட்டுத் திரும்பி வரும் சத்தம். இன்று வரவில்லை.

வாய்விட்டு எண்ணினார். பதினேழாவது வளைவு தாண்டியபோது, யாரோ கூடவே எண்ணுவதுபோல் இருந்தது.

அவர் எண்ணுவதை நிறுத்தினார். அது நிறுத்தவில்லை.

"நீங்களாம்மா எண்ணுறீங்க?"

"இல்லையே."

பின்னால் மூட்டைகள்தான் இருந்தன. குரல் பேருந்தின் கடைசி இருக்கையிலிருந்து வருவதுபோல் வந்தது. ஒன்பது, பத்து, பதினொன்று. கேட்கக் கேட்க அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவருடைய குரல்தான். பேருந்தில் கத்திக் கத்தித் தொண்டை கெடுவதற்கு முந்தைய குரல். ஒரு எண்கூடப் பிசகவில்லை. அது சொன்ன இடத்தில் மாற்றினார். வளைவு சரியாக வந்தது. பதினெட்டு. பத்தொன்பது. அப்படியே இருபத்து மூன்று வரை.

இருபத்து நான்காவது பலகையும் கடந்தது. மூன்றாவது கியருக்கு வந்தார். இனி நேர் சாலை.

"நாலு போடு" என்றது குரல். அதன் பிறகு ஒரு விசில். இரட்டை விசில். 'ரைட், போகலாம்' என்று அவர் வாழ்நாளெல்லாம் கொடுத்த விசில்.

வலது கால் ஆக்சிலரேட்டருக்குப் போனது.

தரை சமமானால் எஞ்சினின் முனகல் தணியும். அது தணியவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது. மூட்டைகளின் கனம் பின்னாலிருந்து தள்ளுவதை முதுகு உணர்ந்தது. கால் பிரேக்குக்கு மாறியதும், கை கியரைக் கீழே இழுத்ததும் அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது கியர். வண்டி உறுமி அடங்கியது.

எதிரே சாலை இல்லை. வெள்ளையடித்த கற்கள் ஒரு வரிசை, அதற்கப்பால் வெறும் பனி. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தார். ஒரு பலகை கண்ணாடியை உரசுவதுபோல் போனது.

பலகையில் எண் இல்லை.

குரலும் அதன் பிறகு வரவில்லை.

செக்போஸ்டில் பனி இல்லை. காவலரிடம் கேட்டார்: "இந்த மலைக்கு எத்தனை வளைவுங்க?"

"என்ன அண்ணே, நீங்க கேக்குறீங்க? இருபத்து நாலு."

மூட்டைகளை இறக்கிவிட்டு நடுப்பகல் வெயிலில் திரும்பி ஏறினார்கள். செக்போஸ்டிலிருந்து நேர் சாலை. இரண்டு பக்கமும் முட்புதர். ஒரு கோணல்கூட இல்லை. பலகைகளை ஒன்றுவிடாமல் எண்ணினார். இருபத்து நான்கு.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"டிரைவரம்மா, ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு வண்டி கிடையாதுன்னு சொன்னாலும் சரி. இறங்குறப்ப இருபத்தஞ்சு வளைவு இருந்துச்சு."

"நான் பாக்கலை. ஆறாவதுலயே கண்ணை மூடிட்டேன்."

"அந்தப் பனியிலயா? என்னை நம்பியா?"

"திறந்து வெச்சிருந்தா மட்டும் என்ன தெரிஞ்சிருக்கும்?"

"அப்ப எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சு. இந்த லட்சணத்துல மரகதத்தை எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

சலோமி அவர் பக்கம் திரும்பினாள்.

"இருபத்தஞ்சு தடவை ரெண்டாவதுக்கு வந்தீங்க. எனக்குக் கேட்டுச்சு" என்றாள். "கடைசித் தடவை, யார் சொல்லி மாத்தினீங்க?"

யோசித்தார். குரல் நாலு என்றது. பலகை பிறகுதான் வந்தது. உள்ளே மரகதம் இருமிக்கொண்டே, "வந்தாச்சா?" என்று கேட்டாள்.

"தெரியலைம்மா" என்றார்.

சலோமி இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

"நாளைக்கு அவங்களை நீங்களே கூட்டிட்டுப் போங்க."

"பனி இருந்தா? இன்னும் ஒண்ணு கூடுதலா வந்தா?"

"ரெண்டாவதுக்கு வாங்க."