பெட்ரோல் பத்தலை

"டீச்சரம்மா, காலையில ஸ்டார்ட் பண்ணினா கம்ப்யூட்டர் பெட்ரோல் பத்தலைங்குது. சூடேறினா ஜாஸ்திங்குது. எதைத்தானுங்க நம்பறது?"

இப்படிக் கேட்ட மயில்சாமிக்கு வயது ஐம்பத்திரண்டு. டீச்சரம்மாவுக்கு முப்பத்தாறு. பெயர் ரெஜினா.

கார்பரேட்டரைக் காதால் கேட்டே சரி செய்து பழகியவர் மயில்சாமி. வண்டிக்குள் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்த பிறகு காது போதவில்லை. எந்த வேகத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்று அதற்குக் கட்டம் கட்டமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்தை ரெஜினாவிடம் போய்க் கற்றார். கோயமுத்தூர்ப் பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் டீச்சரம்மா என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

அவருடைய பட்டறைச் சுவரில் சிபியின் படம் மாட்டியிருந்தது. அதன் முன்னால் ஊதுபத்தி புகைந்தது.

போன வருடப் பந்தயத்தில், மயில்சாமி எழுதிக் கொடுத்த வண்டியை ஓட்டியவன் சிபி. நல்ல வேகத்தில் என்ஜின் இறுகி நின்றது. வண்டி சுழன்று சுவரில் அடித்துத் தீப்பிடித்தது. சிபியை வெளியே எடுக்க முடியவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் தம்பி இனியன் ஓட்டப் போகிறான். வண்டி வேறு. எழுதியது அதே மயில்சாமி. ஏற்றிப் போக லாரி வெளியே வந்து நின்றிருந்தது.

"பத்தலைன்னு காட்டினப்போ என்னண்ணா பண்ணினீங்க?" என்றாள், வண்டியைப் பார்க்க வந்திருந்த ரெஜினா.

"கூட்டிக் குடுத்தேன்."

"ஜாஸ்தின்னு காட்டினப்போ?"

மயில்சாமி கையிலிருந்த துணியை மடித்தார்.

"கொறைச்சீங்களா?"

"இல்லீங்க. சைலன்சர் குழாய்ல இருக்கற சென்சார் சூட்டுல உளறுதுன்னு விட்டுட்டேன்."

"நல்ல சென்சார்ண்ணா. உங்களுக்குப் பிடிச்சதைச் சொல்றப்போ மட்டும் உண்மை பேசுது."

டயர் மேல் உட்கார்ந்திருந்த இனியன் சிரித்தான்.

"எனக்கும் அதே கதிதானுங்க. ஓட்டறப்போ பெட்ரோல் வாசம் தூக்குது, கண்ணெரியுதுன்னு எத்தனை தடவை சொன்னேன். மாமா காதுலயே வாங்கலை."

"உங்கண்ணனும் இதையேதான் சொல்லிட்டுக் கிடந்தான்," என்றார் மயில்சாமி. "ஓட்டறவனுக்கு ஆயிரம் தோணும். நீ போய் ஹெல்மெட்டைத் தொடை."

ரெஜினா ஆறிக் கிடந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தாள். திரை காட்டியது: பெட்ரோல் பத்தலை.

மயில்சாமியின் கை தானாகக் கம்ப்யூட்டர் பக்கம் போனது. அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து போய், படத்தின் முன்னிருந்த ஊதுபத்தியை உருவினாள்.

"அது சிபிக்கு வெச்சதுங்க."

"தெரியும்ண்ணா."

என்ஜினிலிருந்து சென்சார் வரைக்கும் குழாயை ஒட்டியே ஊதுபத்தியை மெல்ல நகர்த்தினாள். புகை நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஒட்டுப் போட்ட இடத்தில் வளைந்தது. வளைந்து குழாய்க்குள் போனது.

மயில்சாமி குனிந்தார். மயிரிழைபோல ஒரு விரிசல்.

"வெளிக்காத்து உள்ள போகுது. சென்சார் அதையும் சேர்த்து எண்ணுது. பெட்ரோல் பத்தலைங்குது."

ஊதுபத்தியை அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றாள். என்ஜின் சூடேறியது. இரும்பு விரிந்தது. விரிசல் மூடிக்கொண்டது. புகை மறுபடி நேராக நின்றது.

திரை காட்டியது: ஜாஸ்தி.

மயில்சாமி பெருமூச்சு விட்டார்.

"அப்போ ஜாஸ்திதானே போயிருக்கு. போகட்டும். பத்தாமப் போனாத்தானே ஆபத்து. பிஸ்டன் உருகிரும். சிபிக்கு ஆனது அதுதானுங்களே."

"பிஸ்டனைப் பார்த்தீங்களா?"

"எங்கீங்க பார்க்கறது. எல்லாம் எரிஞ்சு கட்டியாப் போச்சு."

"அப்புறம் பத்தலைன்னு எப்படித் தெரியும்?"

"வேற என்னங்க இருக்க முடியும்? அவனுக்கும் கூட்டிக் கூட்டித்தான் குடுத்தேன். அப்பவும் பத்தாமப் போச்சு. அதனாலதான் இவனுக்கு இன்னும் கொஞ்சம் தாராளமா..."

ரெஜினா என்ஜினை நிறுத்தினாள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

பெட்ரோல் வாசம்.

அவர் கம்பியின் நுனியை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். போன வாரம் அவரே ஊற்றிய புது ஆயில். வழுவழுப்பு இல்லை. தண்ணீர்போல ஒழுகி உள்ளங்கைக்கு ஓடியது.

"எரியாத பெட்ரோல் எங்க போகும்னு எனக்குக் காட்டினது யாருண்ணா?"

"நான்தானுங்க. கார்பரேட்டர் வண்டியில. கீழ எறங்கி ஆயில்ல கலக்கும். ஆயில் நீர்த்துப் போகும்."

"இந்த ஆயிலோட ஞாயித்துக்கிழமை ஓட்டினா?"

பதில் மயில்சாமிக்குத் தெரிந்திருந்தது. தெரிந்த பதிலைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"ரெண்டாவது சுத்துலயோ மூணாவது சுத்துலயோ... நல்ல வேகத்துல என்ஜின் இறுகி..."



ரெஜினா பாதி எரிந்த ஊதுபத்தியைக் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே செருகினாள்.

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"ஏத்திரலாமா மாமா?" என்றான் இனியன்.

மயில்சாமி அவனிடம் போனார். கம்பியை நீட்டினார். ஆயில் தரையில் சொட்டியது.

"இதை மோந்து பாரு."

இனியன் வாங்கி மோந்து பார்த்தான். பிறகு கம்பியைக் கீழே இறக்காமலே சுவரிலிருந்த படத்தைப் பார்த்தான். 

"எங்கண்ணன் என்ன சொல்லிட்டுக் கிடந்தான்னீங்க, மாமா?"