மயிலின் பலகையும் யானைக்குட்டியின் முள்ளும்

ஒரு காட்டில் நான்கு பாதைகள் கூடும் இடத்தில் ஒரு நாவல் மரம் நின்றது, பிள்ளைகளே. வழிப் பலகைகள் எல்லாம் அதில்தான் தொங்கின. எழுதியவர் யார் தெரியுமா? மயிலார்! தண்ணீர்த் துறைக்கு அவர் வைத்த பெயர் ‘வெள்ளிச் சிரிப்பு’. கரடி முள் எடுக்கும் குகைக்கு ‘இன்ப விடியல்’. அடேயப்பா!

அந்த மரத்தில் ஒரு காகம் இருந்தது. வழி கேட்பவர் சொல்லும் சொல் எந்தப் பலகையில் இருக்கிறதோ, அந்தப் பாதையைக் காட்டும். அதற்கு மேல் யோசிக்கச் சொன்னால் அதற்குத் தலை சுற்றும்.

ஒரு நாள் காலையில் ஒரு யானைக்குட்டி நொண்டிக்கொண்டு வந்தது.

“காக்கா அண்ணா, முள் எடுக்கிற இடம் எங்கே? மாலையில் எங்கள் கூட்டம் ஆற்றைக் கடக்கிறது. இந்தக் காலோடு இறங்கினால் வெள்ளம் என்னை இழுத்துவிடும்.”

காகம் எல்லாப் பலகைகளையும் படித்தது. “முள் என்று ஒன்றிலும் இல்லையே, தம்பி!”

குட்டி ஒரு பாதையில் பாதி தூரம் போனது. வலி தாங்காமல் திரும்பி வந்து மரத்தடியில் அழுதது. பொழுதும் சாயத் தொடங்கியது. காகத்துக்கே மனம் கேட்கவில்லை. அந்த வழியாக வந்த மயிலிடம் கேட்டது:

“மயிலாரே, ஒரு பலகையில் முள் என்று எழுதினால் என்ன?”

“சீச்சீ! முள்ளாம்! படித்தால் மனம் குளிர வேண்டாமா?” என்ற மயில், தோகையை விரித்து ஆடத் தொடங்கியது. மூன்றாவது அடியில், “ஐயோ! அம்மா!” என்று அலறியது.

“காக்கா! முள் எடுக்கிற இடம் எங்கே? சீக்கிரம்!”

காகம் மறுபடியும் பொறுமையாகப் படித்தது. “முள் என்று ஒன்றிலும் இல்லையே, மயிலாரே!”

“அட மக்கு! அதோ, ‘இன்ப விடியல்’ தொங்குகிறதே, அதுதான்!”

குட்டியின் அழுகை நின்றது. “அதுவா? காலையிலிருந்து அதற்குக் கீழேதானே நிற்கிறேன்!”

மயிலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒற்றைக் காலில் தத்திப் போய்ப் பலகையைத் திருப்பி, ‘முள் எடுக்கும் இடம்’ என்று எழுதியது.

“இருக்கிறது! இருக்கிறது! இந்தப் பாதைதான்!” என்று காகம் சிறகடித்துக் கூவியது.

“நீ முதலில் போ, கண்ணு. நான் பின்னாலேயே வருகிறேன்” என்றது மயில்.

கரடி ஒரே இழுப்பில் முள்ளை எடுத்தது. குட்டி ஓடிய ஓட்டத்தில் புதர்கள் ஆடின. கரையில் தவித்துக்கொண்டிருந்த அம்மாவின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கியது. சற்று நேரத்தில் அக்கரையிலிருந்து அது ஆனந்தமாகப் பிளிறியது நாவல் மரம் வரைக்கும் கேட்டது.

நீதி: வழிப் பலகையில், தேடி வருபவர் எந்தச் சொல்லால் கேட்பாரோ அந்தச் சொல்லையே எழுத வேண்டும்.