வேருக்கு மணம் இறங்கிய கதை

வாழைக்கும் புல்லுக்கும்கூட வாய் இருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை ஊரொன்றில் குற்றாலம் ஆசாரி என்று ஒருவர் செம்புக் குடம் அடித்துப் பிழைத்து வந்தார். தட்டித் தட்டியே அவர் காது முக்கால்வாசி அடைத்துவிட்டது. அவர் மனைவி ஆவுடை தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் சுத்தியல் நிற்காது. பாவம், அவள் யாரோடுதான் பேசுவாள்?

கொல்லையில் நின்ற வாழையோடுதான் பேசுவாள். ஊர்க்கதை, சமையல் கதை, புருஷன் மேலுள்ள கோபம் எல்லாவற்றுக்கும் வாழை இலையை ஆட்டி "உம்" கொட்டும். அடித்து முடித்த குடங்களைப் புளி போட்டுத் துலக்குவது ஆவுடையின் வேலை. துலக்கிய தண்ணீரை வீணாக்க மனம் வராமல் அத்தனையையும் வாழையின் காலடியில் ஊற்றுவாள்.

பக்கத்தில் வாசப்புல் என்று ஒன்று நின்றது. வேர் விரல் நீளம்கூட இராது, ஆனால் மேலே நிற்கும் தாளைக் கிள்ளினால் தெருவே மணக்கும். பெண்கள் தலையில் சூடிச் சூடி அதற்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. வாய்த்துடுக்கும் கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு பங்குனியில் வாழை வாடத் தொடங்கியது. "ஏட்டி, தாகமா?" என்று ஆவுடை இரண்டு குடம் கூடுதலாக ஊற்றினாள். மறுநாள் இலை இன்னும் தொங்கியது. நாலு குடம் ஊற்றினாள். தண்ணீர் குளம் கட்டி நிற்க, அதன் நடுவிலேயே வாழை காய்ந்தது.

"பேசுட்டி. என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லக்கா" என்றது வாழை, ஈனக்குரலில்.

வாசப்புல்லுக்குப் பொறுக்கவில்லை. "ஏ ஆவுடை, ஊத்தி ஊத்தியே கொல்லுதியே! புளி செம்பைக் கரைச்சுக் கொண்டாருது. தண்ணி பச்சையா இருக்கது தெரியலையா? அது பட்டு இவ வேர்நுனியெல்லாம் கருகிப்போச்சு. மிச்சமிருக்க வேரும் பயத்துல வாயை மூடிக்கிடுச்சு. பொறவு இலைக்குத் தண்ணி எப்படி ஏறும்?"

ஆவுடை சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏன்ட்டி என்கிட்ட சொல்லல?" என்று வாழையைக் கேட்டாள்.

"நீங்க ஆசையா ஊத்துனீங்க. வேண்டாம்னு எப்படிக்கா சொல்ல?"

ஆவுடை வாய்விட்டு அழுதாள். அவளுக்கு இருந்த ஒரே தோழியை அவள் கையே கொன்றுகொண்டிருந்ததே! இனி அந்தத் தண்ணீரை ஊற்றப்போவதில்லைதான். ஆனால் மண்ணில் ஊறிய செம்பை யார் எடுப்பது?

வாசப்புல் தாளைத் தாழ்த்தி மண்ணை முகர்ந்து பார்த்தது. பிறகு சொன்னது: "நான் இழுத்துக்கிடுதேன். ஆழமா வேர் விடணும். செம்பு தாளுக்கு ஏறினா நானும் காலி. அதனால வேருக்குள்ளேயே பூட்டி வைக்கணும். காவலுக்கு என் மணத்தைத்தான் கீழே அனுப்பணும்." தன் தாளை ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டது. "பொறவு என்னை எவ தலையில வைப்பா?"

"நான் வைப்பேன். வேரா இருந்தா என்ன? வேரையே வைப்பேன்" என்றாள் ஆவுடை.

அன்றே புல் தன் மணம் அத்தனையையும் கீழே இறக்கியது. வேர் முழம் முழமாக மண்ணுக்குள் போய்ச் செம்பைத் தேடித் தேடி விழுங்கியது. ஆவுடை ஆற்றுத் தண்ணீரை மண்குடத்தில் சுமந்து வந்து வாழைக்கு ஊற்றினாள். வாழை புதுவேர் விட்டது. ஆடி முடிவதற்குள் குருத்து விரிந்தது. ஆவணியில் குலையே தள்ளிவிட்டது!

ஆவுடை சொன்ன சொல் தவறவில்லை. புல்லைக் கேட்டு ஒரு கொத்து வேரை எடுத்து, கழுவி, மல்லிகையோடு சேர்த்துக் கட்டிக் கொண்டையில் சூடிக்கொண்டு பட்டறை வழியே நடந்தாள்.

சுத்தியல் நின்றது.

"என்னட்டி இது, இப்படி மணக்குது?" என்று குற்றாலம் ஆசாரி தலை நிமிர்ந்து பார்த்தார். கொல்லையில் வாழையும் புல்லும் விழுந்து விழுந்து சிரித்தன.

அன்று முதல்தான் அந்தப் புல்லுக்குத் தாளில் மணமில்லை, வேரெல்லாம் மணம். வெட்டி எடுத்த அந்த வெட்டிவேர், பூக்களுக்கு நடுவே பெண்கள் தலையில் ஏறியதும் அன்று முதல்தான்.