தேர் தாண்டும்வரை

கட்டிலில் கிடந்த கிழவர் பூமாலைக்கு இன்றைக்குத்தான் நாள் என்று வைத்தியலிங்கத்துக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது. மூச்சு இரண்டு இழுத்து ஒன்று நின்றது. மறுபடி இரண்டு இழுத்தது. கால் விரல்கள் சில்லிட்டிருந்தன.

வைத்தியலிங்கத்தின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. துக்கத்தால் அல்ல. பரீட்சைக்குப் போகிறவன் நெஞ்சு அப்படித்தான் அடிக்கும்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நடுவில் தாகம் எடுக்கக் கூடாதென்று ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். கொல்லைப்பக்கம் போய்விட்டும் வந்தார். பிறகு நாற்காலியைக் கட்டிலோடு முழங்கால் இடிக்கும்படி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னய்யா, சினிமாவுக்கு உட்கார்ற மாதிரி உட்கார்றீங்க?" என்றார் வல்லியம்மா.

வைத்தியலிங்கம் கட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இமைப்பதைக் கூட இன்றைக்குக் குறைத்துக்கொள்வதாக இருந்தார்.

அந்த வீடு மேலவீதியில், தெற்கு வீதி வந்து முட்டும் இடத்தில் இருந்தது. போக இடமில்லாதவர்கள் கடைசி நாட்களுக்கு அங்கே வருவார்கள். வல்லியம்மா அவர்களைக் குளிப்பாட்டுவார், கஞ்சி ஊட்டுவார், போகும்போது பக்கத்தில் இருப்பார். அவருக்கு நாற்பத்திரண்டு வயது. யாருக்கும் உபதேசம் செய்தது கிடையாது. ஆனாலும் வெளியூர்களிலிருந்து ஆட்கள் தேடி வந்து, கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

வைத்தியலிங்கம் வந்தார், போகவில்லை. அவருக்கு அறுபத்துநாலு வயது. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்தபோது அவர் கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தார். முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவள், அவர் மாத்திரையோடு இரண்டு மாடி ஏறி வருவதற்குள் இல்லாமல் போனாள். எப்படிப் போனாள், எங்கே போனாள் என்பதை அவரால் விட முடியவில்லை.

வல்லியம்மாவிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"உயிர் போற நேரத்துல என்னம்மா நடக்குது?"

"இங்கேயே இருந்து பாருங்கய்யா" என்று சொல்லி, துணி துவைக்கிற கல்லைக் காட்டினார் வல்லியம்மா.

எட்டு மாதத்தில் ஆறு பேர் போனார்கள். ஆறு தடவையும் வைத்தியலிங்கம் பக்கத்தில்தான் இருந்தார். ஆறு தடவையும் பார்க்கவில்லை. ஒரு தடவை தும்மல் வந்தது. ஒரு தடவை கரண்ட் போனது. ஒரு தடவை, சொல்லவே வெட்கம், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பார்வை திரும்பும்போது அங்கே எல்லாம் முடிந்திருக்கும்.

ஏழாவது ஆள் பூமாலை.

வீதியில் மேளம் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தேர். ஊரே தெருவில் இருந்தது. வீட்டில் மற்றவர்களைக்கூட வாசலுக்குக் கொண்டுபோய் உட்காரவைத்திருந்தார்கள்.

பூமாலை கண்ணைத் திறந்தார்.

"என்ன சர்வேயர், என்னை அளக்குறீரா?"

"இல்ல, சும்மா…"

"தேர் எங்க வருது?"

"தெற்கு வீதி பாதி தாண்டியிருக்கும்."

"பாதி தாண்டல. பிள்ளையார் கோயில்கிட்ட நிக்குது. சத்தத்தைக் கேளும்."

பூமாலை நாற்பத்தெட்டு வருஷம் அந்தத் தேருக்கு முட்டுக்கட்டை போட்டவர். வடம் இழுக்க ஆயிரம் பேர் வருவார்கள். ஓடி வருகிற சக்கரத்துக்கு முன்னால் குனிந்து கட்டையைச் செருகி, தேரை நிறுத்தவும் திருப்பவும் நாலே பேர்தான். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அவற்றை இழந்த வருஷத்தைக் கேட்டால் தேர் எந்த வீட்டு வாசலில் நின்றது என்பதோடு சேர்த்துச் சொல்வார்.

தேர் கமிட்டி நடேசன் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். வைத்தியலிங்கத்தைத் தாண்டி வல்லியம்மாவைத் தனியே அழைத்தார். தனியே என்றாலும் அது ஒரே அறைதான்.

"அம்மா, பூமாலைக்கு எப்படி இருக்கு?"

"இருக்கார்."

"தாங்குவாரா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

நடேசன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "உங்களுக்குத் தெரியாததா? வீதியில பொணம் கிடந்தா சாமி அந்த வீதிக்கு வராது. எடுத்த அப்புறம்தான் தேர் நகரும். பத்தாயிரம் ஜனம் வெயில்ல நிக்குது. ஒரு ஆட்டோ கொண்டாந்திருக்கேன். பின்னால சந்துக்குக் கொண்டுபோயி…"

"அவர்கிட்டயே கேளுங்களேன்."

நடேசன் கட்டிலைப் பார்த்தார். பூமாலை அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா நடேசா, ஆட்டோவுல ஏத்துனா வழியிலயே போயிடுவேன். அப்புறம் பின்சந்துக்காரன் உன்னைத் திட்டுவான்."

"அதுக்கில்ல மாமா…"

"நாப்பத்தெட்டு வருஷம் நிறுத்துனேன்டா அதை. நிறுத்துனதெல்லாம் மறுபடி நகத்தத்தான். இன்னிக்கு நான் நிறுத்த மாட்டேன். தேர் இந்த வாசலைத் தாண்டட்டும். அதுவரைக்கும் இருக்கேன். போ."

"வாக்கு?"

"போடா, வேலையைப் பாரு."

நடேசன் கும்பிட்டுவிட்டு ஓடினார்.

வைத்தியலிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படியும் ஒரு ஆள் தன் நேரத்தைத் தள்ளிவைப்பாரா? அப்படித் தள்ளிவைத்தது விடுபடுகிற கணம் எப்படி இருக்கும்? கண்ணுக்குத் தெரியாமலா போகும்? நாற்காலியை இன்னும் ஒரு விரல்கடை நகர்த்திக்கொண்டார்.

மேளம் காதைப் பிளந்தது. சங்கு, கொம்பு, வெடி, ஜனங்களின் கூச்சல் எல்லாம் ஒன்றாக வந்து ஜன்னலில் மோதின. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. பூமாலைக்குப் படுத்தபடி மூச்சு விட முடியவில்லை. வல்லியம்மா கட்டிலில் ஏறி, அவரைத் தூக்கித் தன் மார்பில் சாய்த்து, ஜன்னலைப் பார்க்க உட்காரவைத்தார். நேர் எதிரே, தெற்கு வீதி முழுவதையும் அடைத்துக்கொண்டு தேர் வந்தது. அதன் அலங்காரத் துணிகள் இரண்டு பக்க மாடிகளையும் உரசின.

மூலைக்கு வந்தது. இனி வலது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினால் இந்த வாசல்.

மடார் என்று ஒரு சத்தம். ஜனங்கள் "ஹோ" என்று கத்தினார்கள். வடம் தொய்ந்தது. மறுபடி இழுத்தார்கள். தேர் முனகியது. அசையவில்லை. மறுபடி இழுத்தார்கள்.

"சத்தம் சரியில்ல" என்றார் பூமாலை.

அவர் மூச்சு இப்போது ஒன்று இழுத்து இரண்டு நின்றது. வைத்தியலிங்கம் அதை எண்ணிக்கொண்டிருந்தார்.

"வலது முன்சக்கரம். உத்திராபதி கட்டையை நேரா வெச்சிருக்கான், மடையன். நேரா வெச்சா மல்லுக்கு நிக்கும். சாச்சு வைக்கணும். சாய்வு கோயில் பக்கம் பாக்கணும்." மூச்சு வாங்கினார். "யாராச்சும் போய்ச் சொல்லுங்க."

அறையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். ஒருவரால் எழுந்திருக்க முடியாது. ஒருவர் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

"போன்ல சொல்லலாம்" என்றார் வைத்தியலிங்கம்.

"இந்த மேளத்துல எவன் எடுப்பான்? சர்வேயர், நீர் போம். ஓடும்."

"நான் போனா…" வைத்தியலிங்கம் வல்லியம்மாவைப் பார்த்தார். "அம்மா, நான் போய்ட்டு வர்றதுக்குள்ள…"

"ஆமாம்" என்றார் வல்லியம்மா.

"எட்டு மாசமா இதுக்குத்தானே இருக்கேன்."

"ஆமாம்."

"ஏதாவது சொல்லுங்கம்மா!"

"அவர் உங்ககிட்டதானேய்யா கேட்டார்."

பூமாலையின் மூன்று விரல் கை அவருடைய வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தது. நிறுத்தி வைக்க அல்ல, போகச் சொல்லி. வைத்தியலிங்கம் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை எடுத்து வைக்கவில்லை.

வாசலில் இறங்கியதும் ஒரு செருப்பு போனது. பத்தடி போனதும் இன்னொன்றும் போனது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடத்துக்கு அடியில் நுழைந்தார். "யோவ் பெரியவரே, சாகப்போறியா?" என்று யாரோ ஒருவன் தோளைப் பிடித்தான். உதறினார். இன்னொரு வடத்தின் கீழ் தவழ்ந்தார். நெய்யும் கற்பூரமும் வேர்வையும் ஒன்றாக நாறின. தலைக்கு மேல் மரக்குதிரைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஆள் உயரச் சக்கரத்தின் அருகே, தரையில் முழங்கால் ஊன்றி, இப்போது கட்டை போடுகிற உத்திராபதி தலையில் கைவைத்திருந்தான்.

"கட்டையைச் சாச்சு வை!" என்று கத்தினார் வைத்தியலிங்கம்.

"யாருய்யா நீ?"

"சாய்வு கோயில் பக்கம்! பூமாலை சொன்னார்!"

"பூமாலையா? அவர் இன்னும் இருக்காரா?"

"இருக்கார். உன்னைத் திட்டறார்."

"என்னன்னு?"

"நேரா வெச்சிருக்கான் மடையன்னு!"

உத்திராபதியின் முகம் மலர்ந்தது. "அவரேதான்!" என்று துள்ளி எழுந்தான். சம்மட்டியால் கட்டையை அடித்து வெளியே எடுத்தான். சாய்த்து வைத்தான். சாய்வு கோயில் பக்கம் பார்த்தது. இழுக்கலாம் என்று பச்சைக் கொடியை மேலே ஆட்டினான். பிறகு வைத்தியலிங்கத்தின் முதுகில் ஓர் அறை விட்டான்.

"நிக்காதீங்க பெரியவரே, நசுங்கிடுவீங்க. வடத்தைப் பிடிங்க!"

அவர் ஓடிப்போய் வடத்தைப் பிடித்தார். கைக்கு அடங்காத கனம். முன்னால் ஒரு போலீஸ்காரர், பின்னால் ஒரு பூக்காரம்மா. "இழு!" என்று ஆயிரம் வாய்கள் கத்தின. அவரும் கத்தினார். வடம் விறைத்தது. உள்ளங்கை எரிந்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் காலுக்குக் கீழே பூமி அதிர்ந்தது. சக்கரம் கட்டையின் மேல் ஏறி, வழுக்கி, கோபுரம் மாதிரி நின்றிருந்த அந்தப் பெரிய உருவம் மெல்ல, மிக மெல்ல, தலையைத் திருப்பியது.

வைத்தியலிங்கம் ஓலமிட்டார். என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியாது. கண்ணாடி எங்கேயோ போயிருந்தது. கண்ணீர் கொட்டியது. பூக்காரம்மா அவர் முதுகைத் தள்ளிக்கொண்டே சிரித்தாள். அவரும் சிரித்தார். தேர் வந்துகொண்டே இருந்தது. நிற்காமல் வந்தது. வீடுகள், ஜன்னல்கள், மாடியிலிருந்து விழுகிற பூக்கள் எல்லாம் பக்கவாட்டில் ஓடின.

தேர் அந்த வாசலைக் கடந்து நாலு வீடு தாண்டியபிறகுதான் வடத்தை விட்டார். அவிழ்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டபோதுதான் ஞாபகம் வந்தது.

திரும்பி ஓடினார்.

வல்லியம்மா அதே மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பூமாலை அவர் மார்பில் சாய்ந்திருந்தார். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. கண்கள் திறந்திருந்தன. மூச்சை எண்ண வேண்டியிருக்கவில்லை.

வைத்தியலிங்கம் வாசற்படியிலேயே நின்றார்.

"போயிட்டாரா?"

"போயிட்டார்."

"தேர் தாண்டின பிறகா?"

"தேர் திரும்பினப்ப 'அப்படிப் போடு'ன்னார். தாண்டினப்புறம் பேச்சுக்கொடுத்தேன், ஆள் இல்ல. நடுவுல எப்பவோ."

வைத்தியலிங்கம் விழுந்து கிடந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது. மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. வருத்தம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அது வேறு அவரைக் குழப்பியது.

"நான்தான் இல்ல. நீங்க கூடவே இருந்தீங்க. உங்க நெஞ்சிலதான் சாஞ்சிருந்தார். சொல்லுங்கம்மா. என்ன பாத்தீங்க?"

"தேரை" என்றார் வல்லியம்மா.

"தேரையா?"

"எவ்வளவு அழகாத் திரும்பிச்சு!"

"அம்மா, ஒரு மனுஷன் உயிர் போயிருக்கு. பக்கத்துல இருந்த நீங்களும் பாக்கல. அப்ப அதை யாருமே பாக்கலையா?"

வல்லியம்மா பூமாலையின் இமைகளை மெதுவாக மூடினார். தலையணையில் அவர் தலையைக் கிடத்தினார். கலைந்திருந்த நரைமுடியை விரலால் ஒதுக்கிவிட்டார்.

"அவரே பாக்கலைய்யா" என்றார்.