சிகரத்தில் வந்த நிம்மதி

குருவம்மாவிடம் திரவியம் கேட்டது ஒன்றுதான். இந்தப் பயத்தை என்னிடமிருந்து எடுத்துவிடுங்கள்.

திரவியத்தின் முதல் பிள்ளை தூக்கத்திலேயே இறந்துபோனான். இப்போது ஒன்பது மாதத்தில் ஒரு பெண் குழந்தை. குழந்தை தூங்கினால் இவள் தூங்குவதில்லை. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

குருவம்மா அவளைவிட இரண்டு வயது இளையவர். தூரத்து மலையைக் காட்டினார்.

"ஏற மூணு நாள். வர்றியா?"

குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்தாள்.

முதல் நாள் வழியெல்லாம் பேசினாள். குழந்தைக்கு வந்த காய்ச்சல், போட்ட ஊசி, பசும்பால் ஒத்துக்கொள்ளுமோ என்னவோ. வளைவுக்கு வளைவு நின்று ஊர்ப்பக்கம் பார்த்தாள். மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. ஓடைக்கரையில் உட்கார்ந்து பாலைப் புல்லில் பீய்ச்சினாள். அவள் அழுது முடிக்கும்வரை குருவம்மா காத்திருந்தார்.

இரண்டாம் நாள் மதியம் குருவம்மா ஒரு பாறையில் கண்ணயர்ந்தார். திரவியத்தின் விரல் தானாக அவர் மூக்கருகே போனது.

குருவம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"மூச்சு வருதா?"

"வருது."

"நல்லது. அப்ப நான் தூங்குறேன்."

மூன்றாம் நாள் வழியே இல்லை. செங்குத்துப் பாறைதான். கையை எங்கே பிடிப்பது, அடுத்த காலை எங்கே வைப்பது, இதைத் தவிர வேறு நினைப்புக்கு இடமில்லை. மதியத்துக்குள் உச்சிக்கு வந்துவிட்டார்கள். மேகம் காலடியில் கிடந்தது. ஊர் தெரியவில்லை. திரவியம் மல்லாந்து படுத்துச் சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு.

"பயம் எங்கே?" என்று கேட்டார் குருவம்மா.

உள்ளே தேடிப் பார்த்தாள்.

"இல்லை."

சொன்ன பிறகுதான் உறைத்தது. விடிந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் குழந்தையை நினைக்கவில்லை. சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு இது வேண்டாம், குருவம்மா."

"இதைத்தானே கேட்டே?"

"அன்னிக்கும் எனக்கு இப்படித்தான் இருந்தது. நிம்மதியாத் தூங்கினேன். விடிஞ்சு பார்த்தா, பையன் சில்லிட்டுக் கிடந்தான்."

காற்று இருவர் புடவையையும் பிடித்து இழுத்தது.

"பயத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க. நான் பயந்துகிட்டே இருந்துடறேன்."

"அன்னிக்கு நீ பயந்திருந்தா பிள்ளை பிழைச்சிருப்பானா?"

திரவியம் மெதுவாகச் சொன்னாள்.

"தெரியல."

"எனக்கும் தெரியல, திரவியம்," என்றார் குருவம்மா. மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

"தெரியாமத்தான் இறங்கணும். எழுந்திரு. குழந்தைக்குப் பசிக்கும்."